எதிர் சீட்டில் யாராவது வர்றாங்களா?

வாரநாளில் மதியம் ஒரு மணிக்கு மெஸ்ஸுக்குப் போனால், முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஒரே மேசையில்தான் உட்கார வேண்டியிருக்கும். பலருக்கு இது தொந்தரவு. "தனி டேபிள் காலியானா சொல்லுங்க, வெயிட் பண்றோம்" என்று கேஷியரிடம் சொல்லிவிட்டு வாசலில் நிற்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். எனக்கு அந்தப் பொது மேசைதான் வேண்டும். இந்தச் சென்னையில் மிச்சமிருக்கும் நல்ல பழக்கங்களில் அதுவும் ஒன்று என்று மனதார நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு. குடும்பம் குடும்பமாக வருவார்கள், அவரவர் மேசையோடு அவரவர் பேச்சு முடிந்துவிடும். வாரநாளில் வருபவர்கள் வேலைக்கு நடுவே, பசியோடு, யாருக்காகவும் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் வருகிறார்கள். திருவல்லிக்கேணிப் பக்கம் போய்ப் பாருங்கள். மேன்ஷனில் தங்கிப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர், காலுக்கு நடுவே கனமான பையை இடுக்கிக்கொண்ட மெடிக்கல் ரெப், ரிச்சி தெருக் கடையிலிருந்து ஓடி வந்த பையன், கோஷா ஆஸ்பத்திரியில் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு ஒயர் கூடையோடு வந்தவர். இவர்கள் நாலு பேரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் சென்னையில் வேறு எங்கே இருக்கிறது? ஒருவர் சாம்பாரைத் தாண்டாமல் ரசத்துக்குப் போவதில்லை. இன்னொருவர் அப்பளத்தைக் கடைசிவரை காப்பாற்றி மோர் சாதத்தில் நொறுக்குகிறார். மாதக் கடைசி என்றால் ஸ்பெஷல் மீல்ஸ் டோக்கன் குறைந்து அளவுச் சாப்பாடு கூடுவதும் கண்ணுக்குத் தெரியும்.

அப்படி ஒரு நாள், அந்த ஒயர் கூடைக்காரர் சாதத்தைச் சரியாகப் பிசையக்கூட இல்லாமல் அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தார். ரசம் ஊற்ற வந்த சர்வர் கூடையிலிருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிங்களாண்ணே?" என்றார். "ஆமாப்பா, காலைலதான் பிறந்துச்சு. பொண்ணு." சர்வர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் இன்னொரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தார். அதுவரை போனையே பார்த்துக்கொண்டிருந்த மெடிக்கல் ரெப் தலையை நிமிர்த்தி, "நல்லா இருக்கட்டும் சார்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. தனி டேபிளில் இது நடக்காது.

அடுத்தவர் இலையைப் பார்க்காதே என்று வீட்டில் சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். சரியான பேச்சு, இன்றைக்கும் அதை நான் மீறுவதில்லை. யார் எவ்வளவு சாப்பிடுகிறார், இரண்டாவது முறை சாதம் கேட்கிறாரா என்று கணக்கெடுப்பது அநாகரிகம். ஆனால் எதிரில் இருக்கிற மனிதரின் முகத்தைப் பார்க்கலாம். தண்ணீர் ஜக்கை அவர் பக்கம் நகர்த்தலாம். இப்போது நடப்பது வேறு. ஒருவர் வாயில் கவளத்தை வைக்கும்போது, கேட்காமல் கொள்ளாமல் எதிர்ப் பக்கமிருந்து ரீல்ஸுக்குப் படம் எடுக்கிறார்கள். கடையைக் காட்டுகிறேன் என்று சாப்பிடுகிறவர்களின் முகத்தையும் சேர்த்து ஊருக்குக் காட்டுகிறார்கள். மதியம் தனியாக வந்து நிம்மதியாகச் சாப்பிடும் பெண்கள் இப்போதுதான் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். அவர்கள் கேமராவைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காருவதைப் பார்க்கும்போது கோபமாக வருகிறது. அனுமதி கேட்காமல் படம் எடுப்பவரைக் கடைக்காரர் தடுக்க வேண்டும். வியூஸ் வந்தால் வியாபாரம் ஆகும் என்று சும்மா இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யார் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது இங்கே தானாக வந்துவிடவில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது 1941இல்தான் ஒழிந்தது. ஹோட்டல் பெயர்ப் பலகையில் 'பிராமணாள்' என்று இருப்பதை எதிர்த்து 1957இல் பெரியார் போராட்டம் தொடங்கியபோது, மாதக்கணக்கில் மறியல் நடந்தது இதே திருவல்லிக்கேணியில், முரளி கபே முன்னால். ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு. சில ஊர்களில் டீக்கடை இரட்டைக் குவளை பற்றி இன்றைக்கும் செய்தி வருகிறது. ஆகவே "சார், இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டு, பெயரோ ஊரோ சாதியோ கேட்காமல் ஒருவர் எதிரில் உட்காருவது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. நாலு பேர் மேசையை எடுத்துவிட்டு இரண்டு பேர் மேசையாகப் போடும் கடைகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

அப்புறம், அந்த மேசைக்கே வராதவர்கள். பார்சல் கவுண்டர் பக்கம் ஒன்றரை மணிக்குப் பாருங்கள், டெலிவரி பையன்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமல், ஆர்டர் நம்பர் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அத்தனை சாப்பாட்டு வாசனையும் மூக்கில் ஏறும். ஒருவரும் அப்போது சாப்பிடுவதில்லை, மதிய ஆர்டர்தான் அவர்களுக்குக் காசு. மூன்று மணி சுமாருக்கு, மீல்ஸ் முடிந்து தரை கழுவும் நேரத்தில், இருக்கிற தயிர் சாதத்தையோ பரோட்டாவையோ வாங்கிக்கொண்டு உட்காருவார்கள். உள்ளே சர்வர்கள் சாப்பிடுவதும் அந்த நேரத்தில்தான். காலை ஷிப்டுக்கு வந்ததிலிருந்து நின்ற கால்கள் அவர்களுடையவை. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. துணிக்கடைப் பெண்களை நினைத்துத்தான் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த முறை மெஸ்ஸுக்குப் போகும்போது சர்வருக்கென்று ஒரு ஸ்டூலாவது கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். நான் போகும் இடங்களில் அநேகமாக இல்லை.

மெஸ் நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், கேட்பது இவ்வளவுதான். பொது மேசையை எடுக்காதீர்கள். பார்சல் கவுண்டர் ஓரமாக ஒரு பெஞ்சும் ஒரு பானைத் தண்ணீரும் வையுங்கள். கூட்டம் தணிகிற நேரத்திலாவது சர்வர் பத்து நிமிஷம் உட்காரட்டும், கல்லாவிலிருந்து குரல் கொடுக்காதீர்கள். சாப்பிடப் போகிற நாமும் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அவர்களை விரட்டாமல் இருக்கலாம்.