எந்தக் கிருமி, எத்தனை கிராம் குழந்தை?

குறைமாதக் குழந்தைகளுக்கு புரோபயாடிக் (குடலுக்கு நல்லது என்று கொடுக்கும் உயிருள்ள பாக்டீரியா) கொடுத்தால் என்.இ.சி. என்கிற குடல் அழுகல் வராது என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே போடாகப் போட்டுவிட்டது. அவ்வளவு சுலபமில்லை.

என் மகள் 27 வாரத்தில், 910 கிராமில் பிறந்தவள். டியூப் வழியாகத் தடவைக்கு 1 மில்லி பால். அதற்கு முன் வயிற்றில் இருப்பதை நர்ஸ் சிரிஞ்சால் இழுத்துப் பார்ப்பார். பச்சை நிறத்தில் வந்தால் பால் நிறுத்தம். வயிற்றை டேப் வைத்து அளப்பார்கள். அரை சென்டிமீட்டர் கூடினாலே எங்களுக்கு வயிறு கலங்கும்.

சரி, ஆய்வுகளுக்கு வருவோம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 1,099 குழந்தைகளிடம் நடந்த புரோபிரெம்ஸ் ஆய்வில், மூன்று பாக்டீரியாக்கள் சேர்ந்த கலவை என்.இ.சி.யை 4.4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்தது. ஆனால் 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களிடம் அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் வேறொரு பிஃபிடோ பாக்டீரியாவைச் சோதித்தார்கள். 2016-ல் வந்த முடிவில் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. எந்தக் கிருமி என்று சொல்லாமல் 'புரோபயாடிக் நல்லது' என்பது 'மாத்திரை நல்லது' என்பது மாதிரிதான்.

2023-ல் அமெரிக்காவில் 1 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தை ஒன்று, புரோபயாடிக்காகக் கொடுத்த அதே பாக்டீரியா ரத்தத்தில் பரவி இறந்தது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

எங்கள் டாக்டர் புரோபயாடிக் எழுதவில்லை. தாய்ப்பாலைப் பீய்ச்சி, குப்பியில் நேரம் எழுதி ஒட்டிக் கொண்டுவரச் சொன்னார். அப்புறம், யாரும் கடையில் விற்கும் புரோபயாடிக் பவுடரைத் தாங்களாகக் கலக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.