ஓடிப்போனவரின் கையெழுத்து

முந்தாநாள் காலேஜ் விண்ணப்ப வேலையாகப் போன கவுன்ட்டரில் நடந்ததை எழுதியிருந்தேன். அப்பா விட்டுவிட்டுப் போய்விட்ட 17 வயசுப் பெண்ணைப் பார்த்து "அப்பா உயிரோடதானே இருக்கார்? கூட்டிட்டு வா" என்று கவுன்ட்டர்காரர் சொன்ன கதை. வந்த கமென்ட்களில் பாதி, "ரூல்ஸ் அப்படி, அவர் என்ன செய்வார் பாவம்" ரகம். அதனால்தான் மறுபடி எழுதுகிறேன்.

செத்துப்போன அப்பாவுக்கு இறப்புச் சான்றிதழ் உண்டு. ஓடிப்போன அப்பாவுக்கு என்ன உண்டு? யாரும் அரசிதழில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வீட்டை விட்டுப் போவதில்லையே. உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்று காட்ட அவர் வருமானமும் வேண்டுமாம். வீட்டுக்கே வராத வருமானம்! முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கோ, அவர் பட்டம் வாங்கவில்லை என்று காட்ட வேண்டும். ஏழு வருஷமாக எந்த ஊரில் சாப்பிடுகிறார் என்றே தெரியாத மனுஷனின் டி.சி.யை அந்தப் பிள்ளை எங்கே போய்த் தேடும்?

"கணவனால் கைவிடப்பட்ட பெண் சான்றிதழ் இருக்கே, இ-சேவையில் போடலாமே" என்று ஒரு நண்பர் ரொம்பப் பொறுமையாக விளக்கியிருந்தார். தெரியும் சார். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ., அப்புறம் தாசில்தார். நடுவில் பக்கத்து வீட்டில் "புருஷன் வர்றதே இல்லையா?" என்று ஒரு விசாரணை. மகள் காலேஜில் சேர, அம்மா தெருவுக்கே கைவிடப்பட்டவளாக நிற்க வேண்டும். சரி, நின்றார் என்றே வையுங்கள். கவுன்சலிங் தேதி காத்திருக்குமா?

சட்டம் பேசுகிறவர்களுக்கு ஒன்று. 1956-ஆம் வருஷத்து இந்து மைனர் காப்பாளர் சட்டம் 'அப்பா, அவருக்குப் பிறகு அம்மா' என்கிறது. அந்தப் 'பிறகு'வுக்கு அப்பா செத்த பிறகு என்று பொருளில்லை, அவர் இல்லாத நிலையில் என்றுதான் பொருள் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. பாஸ்போர்ட்டுக்கே 2016 டிசம்பரிலிருந்து அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயர் போதும். நாட்டை விட்டுப் போக அம்மா போதும். உள்ளூர்க் காலேஜுக்குத்தான் போதாது போலிருக்கிறது.

"சம்பாதிக்கிற அப்பனை ஒளித்து வைத்துச் சலுகை வாங்குவார்களே?" வாங்குவார்கள். பிடியுங்கள். வேறென்ன சொல்ல?

என் அப்பாவும் ஓடிப்போனவர்தான். என் விண்ணப்ப நேரத்தில், வாசலில் ஃபாரம் எழுதித் தருபவர் "பேருக்கு முன்னாடி லேட்னு போட்டுடலாம்மா, வேலை முடிஞ்சிடும்" என்றார். அம்மா பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார். "எங்கயோ இருந்துட்டுப் போகட்டும், நான் ஏன் சாகடிக்கணும்?" கடைசியில் அப்பா கையெழுத்தை மாமா போட்டார். ஆமாம், பொய்க் கையெழுத்துதான். "உண்மையைச் சொல்லியிருக்கலாமே" என்று பாடம் எடுக்க வருகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்: முந்தாநாள் அந்தப் பெண் உண்மையைத்தான் சொன்னாள்.

என் இனிஷியல் இன்னும் அப்பாவுடையதுதான். ஏன் மாற்றவில்லை என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணும் நானும் மறுபடி போகிறோம். அவள் அம்மா வரவில்லை என்று சொல்லிவிட்டார். இன்னொரு நாள் கூலியை விட முடியாதாம்.