‘பகிடிக்குத்தான் சொன்னது’

மட்டக்களப்பு, அம்பாறைக் கந்தோர்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில்தான் வேலை செய்கிறோம். இருந்தும் வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கூட்டம் வைக்கிறார்கள். ஜும்ஆத் தொழுகைக்குப் போனவர் திரும்பி வரும்போது முடிவெல்லாம் எடுத்தாயிற்று. அம்பாறை நகரில் கூட்டம் முழுக்கச் சிங்களத்தில் நடக்கும், விளங்காத தமிழ் உத்தியோகத்தர் கடைசியில் வரவுத்தாளில் கையெழுத்து மட்டும் வைப்பார். அபாயா போட்டவருக்கும் மலையகத்திலிருந்து வந்தவருக்கும் பட்டப்பெயர் வைத்துவிட்டு, கேட்டால் “பகிடிக்குத்தான் சொன்னது” என்பார்கள்.

இதைப் பக்கத்தில் இருக்கிறவர்தான் முதலில் தட்டிக்கேட்க வேணும். பாதிக்கப்பட்டவர் வாய் திறந்தால் “இவவுக்கு எதை எடுத்தாலும் பிரச்சினை” என்று தட்டிவிடுவது லேசு. சொன்னவருடைய சொந்தச் சனத்தில் ஒருவர் கேட்டால் அப்படித் தட்ட முடியாது. தமிழர் சொன்னதைத் தமிழர் தட்டிக்கேளுங்கள், முஸ்லிம் சொன்னதை முஸ்லிம் தட்டிக்கேளுங்கள்.

“நீங்க இனவாதி” என்று தொடங்கினால் பேச்சு அதோடு சரி, அவர் தன்னைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். நடந்ததைச் சொல்லுங்கள்: “அண்ணன், காலைல கூட்டத்தில அவவ அந்தப் பேரால கூப்பிட்டீங்க. அதுக்குப் பிறகு அவ வாயே திறக்கல்ல. இனி அப்படிக் கூப்பிடாதீங்க.” தனியாக, அன்றைக்கே சொல்லுங்கள். ஒரு கிழமை போனால் “நான் அப்படியா சொன்னேன்?” என்பார். பாதிக்கப்பட்டவர் அதே அறையில் இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு வசனமாவது வேணும். இல்லாவிட்டால் எல்லோருக்கும் அது சம்மதம் என்றுதான் அவர் நினைப்பார்.

இரண்டாம் தரமும் நடந்தால் எழுதி வையுங்கள்: திகதி, நேரம், யார் யார் இருந்தார்கள், அவர் சொன்ன அதே சொல். “கேவலமாகப் பேசினார்” என்று எழுதினால் விசாரணையில் நிற்காது. வட்ஸ்அப் குழுவில் வந்தால் அழிக்க முதல் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் முறைப்பாட்டுக் கடிதம் கொடுக்க வேண்டாம், பிறகு அடி அவருக்குத்தான் விழும். கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

அரசாங்கக் கந்தோர் என்றால் அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இருக்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், பிறப்பிடம் பார்த்துப் பாகுபாடு காட்ட முடியாது. உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் அதைச் சொல்கிறது. “பேசித் தீர்ப்பம்” என்று இழுத்தடித்தே அந்த மாதம் போய்விடுகிறது, கவனம். தனியார் நிறுவனத்துக்கு இந்த வழி பொருந்தாது, அங்கே நிறுவனத்தின் முறைப்பாட்டு நடைமுறையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாலியல் தொந்தரவு என்றால் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு இரண்டு இடத்துக்கும் பொருந்தும், 5 வருடம் வரை சிறை.

பிழை நடக்கிற இடம் பெரும்பாலும் மேலதிகாரியின் அறைதான். இரண்டு பேரையும் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, “கை குடுங்க, முடிஞ்சுது” என்பார். அடுத்த மாதம் முறைப்பாடு செய்தவவை “உங்கட நன்மைக்குத்தான்” என்று வேறு கிளைக்கு மாற்றுவார். மாற வேண்டியது அந்தச் சொல்லைச் சொன்னவர். அந்த இடமாற்றக் கடிதம் வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், கேட்கிற கடிதத்தில் கூட வேலை செய்கிற நாலு பேரும் கையெழுத்து வையுங்கள்.