ஜெர்மனியில் படிப்பு: மாசம் நூறு யூரோ மிச்சம் பிடிக்கப் போய்…

அக்டோபர் செமஸ்டருக்கு ஜெர்மனி கிளம்புகிற தம்பி தங்கைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விசா, பிளாக்டு அக்கவுன்ட் (செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைத்து மாதாமாதம் எடுக்கும் கணக்கு), ரூம் தேடுவது என்று அலைந்து களைத்த பிறகு, ஹெல்த் இன்சூரன்ஸை மட்டும் யாரோ அனுப்பிய லிங்க்கில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். தப்பு நடப்பது அங்கேதான்.

பட்டப்படிப்பில் சேரும் 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே பொதுக் காப்பீடு கட்டாயம். டி.கே., ஏ.ஓ.கே., பார்மர், டி.ஏ.கே. எல்லாம் அந்தக் காப்பீட்டைத் தரும் நிறுவனங்கள். கிராங்கன்காஸ என்பார்கள். மாணவர் கட்டணத்தின் பெரும்பகுதி சட்டத்தாலேயே முடிவாகிறது. அதனால் எதில் சேர்ந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. 2025 கணக்கில் மாதம் ஏறக்குறைய 140 முதல் 150 யூரோ. பிளாக்டு அக்கவுன்டிலிருந்து மாதம் கைக்கு வருவதே 992 யூரோதான். அதில் 145 போனால் வலிக்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் 35 யூரோவுக்கு ஒரு பிரைவேட் பாலிசி கண்ணில் பட்டால் யாருக்கும் மனசு போகும்.

ஆனால் அந்த பாலிசியில் படிக்க வேண்டுமென்றால், 'எனக்குப் பொதுக் காப்பீடு வேண்டாம்' என்று கிராங்கன்காஸவில் விலக்கு வாங்க வேண்டும். பெஃப்ரையுங் என்பது அதுதான். காப்பீட்டுக் கடமை தொடங்கிய 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். வாங்கிவிட்டால் அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பப் பெற முடியாது. 'ஒரு செமஸ்டர் பிரைவேட், அப்புறம் டி.கே.க்கு மாறிக்கலாம்' என்று சீனியர் சொன்னால் நம்பாதீர்கள். சட்டத்தில் அதற்கு வழி இல்லை.

வெர்க்ஸ்டூடன்ட் வேலை (படித்துக்கொண்டே பார்க்கும் பகுதி நேர வேலை) கிடைத்தால் பொதுக் காப்பீட்டுக்குள் போய்விடலாம் என்றும் ஒரு பேச்சு உண்டு. செமஸ்டர் நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்குள் வேலை செய்கிறவரை சட்டம் மாணவராகத்தான் பார்க்கிறது. ஆகவே அந்த வேலையும் கதவைத் திறக்காது. படிப்பு முடிந்து வேலை தேடும் மாதங்களிலும் இதே சிக்கல். பொதுக் காப்பீட்டில் இருந்தவர் தானாகப் பணம் கட்டி அதிலேயே தொடரலாம். மாதம் 200 யூரோவுக்கு மேல் ஆகும், ஆனாலும் பாதுகாப்பு அறுபடாது. விலக்கு வாங்கியவர் முறையான வேலை கிடைக்கும்வரை வெளியேதான் நிற்க வேண்டும்.

மலிவான பாலிசிகளின் ஷரத்துகளை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பணம் கிடையாது, மனநல சிகிச்சைக்கு இல்லை அல்லது பெயருக்கு உண்டு, பல் வைத்தியத்துக்கு ஒரு சின்ன உச்சவரம்பு. டாக்டர் பில்லை முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்டு வாங்க வேண்டும். ரெசிடென்ஸ் பெர்மிட் புதுப்பிக்கும்போது 'இந்தக் காப்பீடு போதாது' என்று அதிகாரி திருப்பி அனுப்பவும் செய்யலாம். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் போய்த் தனியாகத் தவிக்கும் பிள்ளைக்கு மனநல சிகிச்சை இல்லாத பாலிசியை விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

நடைமுறைக்கு வருவோம். அட்மிஷன் கடிதம் கைக்கு வந்ததும் ஊரிலிருந்தே கிராங்கன்காஸவுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்துவிடுங்கள். அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு உங்கள் காப்பீட்டு நிலையைச் சொல்லும் எம்10 என்ற தகவலை மின்னணு வழியில் அனுப்புவார்கள். அது போய்ச் சேராமல் பதிவு முடியாது. காப்பீடு பொதுவாக செமஸ்டர் தொடங்கும் நாளில்தான் ஆரம்பிக்கும். செப்டம்பர் 10க்குப் போய் இறங்கினால் நடுவிலுள்ள நாட்களுக்குத் தனியாக டிராவல் இன்சூரன்ஸ் எடுங்கள். பாங்க் அக்கவுன்ட் வேலை செய்யத் தொடங்கியதும் ஐபேன் எண்ணைக் கொடுத்துத் தானியங்கிப் பிடித்தத்துக்கு ஒப்புதல் தந்துவிடுங்கள். இரண்டு மாதப் பாக்கி சேர்ந்தால் அவசர சிகிச்சை தவிர மற்றதெல்லாம் நிறுத்தப்படலாம், பல்கலைக்கழகத்துக்கும் தகவல் போகும்.

போட்டோ போட்ட காப்பீட்டுக் கார்டு தபாலில் வரும். லெட்டர் பாக்ஸில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் தபால் திரும்பிப் போய்விடும். ஒவ்வொரு காலாண்டிலும் முதல் தடவை டாக்டரிடம் போகும்போது ரிசப்ஷனில் கார்டைச் சொருகிக் காட்ட வேண்டும். மார்ச் 28ஆம் தேதி காட்டியிருந்தாலும் ஏப்ரல் 2ஆம் தேதி மறுபடி கேட்பார்கள். மறந்துவிட்டால் 10 நாளுக்குள் கொண்டுபோய்க் காட்டுங்கள், இல்லையென்றால் பிரைவேட் பில் வரலாம். 2024 ஜனவரியிலிருந்து மருந்துச் சீட்டும் மின்னணுதான். ஃபார்மஸியில் அதே கார்டை நீட்டினால் போதும். சீட்டு மருந்துக்கு ஒன்றுக்கு 5 முதல் 10 யூரோ நாம் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தங்கினால் நாளைக்கு 10 யூரோ, ஆண்டுக்கு 28 நாள்வரை மட்டும். ஆபரேஷனே நடந்தாலும் உங்கள் பங்கு இவ்வளவுதான்.

ராத்திரி காய்ச்சல் என்றால் 116117க்கு போன் செய்யுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, விபத்து என்றால் யோசிக்காமல் 112.

இந்தக் காப்பீட்டிலும் ஓட்டை உண்டு. கண்ணாடிக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது, பல் கிரவுனுக்கு ஒரு பகுதிதான் தருவார்கள். சொத்தைப் பல்லை ஊரிலேயே பார்த்துவிட்டு, இரண்டு ஜோடிக் கண்ணாடியோடு விமானம் ஏறுங்கள். தைராய்டு, ஆஸ்துமா மாத்திரை எடுப்பவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் போகாமல் எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் மூலப்பெயர் போட்ட ஆங்கிலச் சீட்டும் கூடவே இருக்கட்டும். அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: முறுக்கு, பொடியோடு மாத்திரையையும் பார்சலில் வைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து தனிநபருக்குத் தபாலில் மருந்து அனுப்ப அங்கே அனுமதியில்லை, கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்ளும்.

30 வயதைத் தாண்டிப் போகிறவர்கள், மொழி வகுப்புக்கோ ஷ்டூடியன்கொலெக்குக்கோ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆயத்தப் படிப்பு) போகிறவர்கள் இந்த மாணவர் கட்டணத்தில் சேர முடியாது. அவர்களுக்கு பிரைவேட்தான் வழி. எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்று மேலே சொன்னவற்றை ஷரத்துகளில் தேடிப் பார்த்து, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது நல்ல பாலிசியாக எடுங்கள்.

படிப்பை முடித்து ஊருக்கே திரும்புகிறவர்கள், குடியிருப்புப் பதிவை ரத்து செய்த சான்றை கிராங்கன்காஸவுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். அனுப்பாவிட்டால் நீங்கள் அங்கேயே இருப்பதாகக் கணக்கு வைத்து மாதாமாதம் பில் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.