பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி மட்டும் போதாது

அண்ணா, பிரின்ட்டுக்கு (விடையைத் திரையில் காட்டும் print கட்டளைக்கு) அடைப்புக்குறி போட்டுவிட்டால் அதே நிரல் பைத்தான் என்ற நிரல்மொழியின் 2, 3 ஆகிய இரண்டு பதிப்புகளிலும் ஒரே விடை தரும் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டிலும் ஓடும் என்பது சரி. ஆனால் விடை மாறலாம், வகுத்தலில்.

பைத்தான் 2இல் முழு எண்ணை முழு எண்ணால் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் விடையும் முழு எண்தான். பைத்தான் 3இல் தசமம் வரும். இங்கே மொரீஷியஸில் எங்கள் கோவிலின் காவடிச் செலவைப் பங்கு போட நான் எழுதிய நிரலில் இதுதான் நடந்தது. 1275 ரூபாயை இருவருக்குப் பிரித்தால் பழைய கணினி 637 என்றது, புதியது 637.5 என்றது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. அந்த 50 சென்ட் எங்கே போனது என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன்!

நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள்: இரண்டு பதிப்பையும் திறந்து 7/2 என்று தட்டுங்கள். ஒன்றில் 3, மற்றதில் 3.5. பெரிய நிரலாக இருந்தால் பைத்தான் 2.7ஐ -3 என்ற தெரிவோடு ஓட்டுங்கள், இப்படிப்பட்ட வகுத்தல் வரும் வரிகளை அதுவே எச்சரிக்கும்.

பைத்தான் 2இலும் தசமம் வேண்டுமென்றால் கோப்பின் தலையிலேயே ஃப்யூச்சர் தொகுதியிலிருந்து டிவிஷனை இம்போர்ட் செய்துவிடுங்கள் (from __future__ import division). ஒவ்வொரு கோப்பிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், அதைத்தான் பலர் மறக்கிறார்கள். முழு எண்ணே போதுமென்றால் இரட்டைச் சாய்கோடு (//). அது இரண்டு பதிப்பிலும் ஒன்றுதான்.