கேள்வி கேட்கத் தெரியாமல் தோற்ற இரவு

'ஹோட்டல் டஸ்க்: ரூம் 215' கேமில் நான் முதன்முதலாகத் தோற்றது ஒரு கேள்வியால். விடுதி நடத்தும் டன்னிங் ஸ்மித்தை அளவுக்கு மீறிக் குடைந்துவிட்டேன். மனிதர் கோபத்தில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கேம் ஓவர்.

சுடவும் இல்லை, ஓடவும் இல்லை. ஒரு மனிதரின் மனம் புண்பட்டதால் தோற்றேன். இத்தனை வருடங்கள் கழித்தும் வேறெந்தத் துப்பறியும் கேமையும் இதற்கு மேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை என்றால், காரணம் அந்த ஒரு தோல்விதான்.

2007ல் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்தது; புத்தகம் போல மடிக்கக்கூடிய, இரண்டு திரைகள் கொண்ட கையடக்கக் கன்சோல் அது. உருவாக்கியது ஜப்பானைச் சேர்ந்த சிங் நிறுவனம். கதை நடப்பது 1979 டிசம்பர் 28, ஒரே இரவு. நாம் ஆடும் நாயகன் கைல் ஹைட் முன்பு நியூயார்க் போலீஸில் துப்பறிவாளர். தன்னை ஏமாற்றிய கூட்டாளி பிராட்லியைத் தன் கையாலேயே சுட்டவர். உடல் கிடைக்கவில்லை. வேலையை விட்டு விற்பனையாளராக ஊர் ஊராக அலைகிறார், பிராட்லியைத் தேடிக்கொண்டே. நுவார் எனப்படும் இருண்ட குற்றக்கதை வகையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். இருட்டும் சிகரெட் புகையும் யார் வேண்டுமானாலும் வரையலாம். பதில் கிடைக்காத ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு ஒருவர் விடுதிக் கதவைத் தள்ளி உள்ளே வருகிறாரே, அதை எழுதுவது கஷ்டம்.

அப்புறம் அந்த ஓவியம்! பென்சிலால் கிறுக்கியது போன்ற கறுப்பு வெள்ளை முகங்கள், கோடுகள் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஹைட் ஒரு திரையில், எதிரே பேசுபவர் இன்னொன்றில். கன்சோலைப் புத்தகம் போலச் செங்குத்தாகப் பிடித்துதான் விளையாட வேண்டும். அதனால் இருவருக்கும் நடுவில் நாமே உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

ஒரு ஜிக்சா புதிர் வரும். துண்டுகளைச் சேர்த்து முடித்தால், எழுத்து இருப்பது பின்பக்கத்தில். திருப்ப எந்தப் பட்டனும் இல்லை. எதை எதையோ தொட்டுப் பார்த்து அலுத்துப்போய்க் கன்சோலை மூடினேன். திறந்தபோது படம் திரும்பியிருந்தது! விடை என் கையிலேயே இருந்திருக்கிறது.

குறை இல்லையா? இருக்கிறது. நடை மெதுவானது, ஒரே தாழ்வாரத்தில் பலமுறை நடக்க வேண்டும். எனக்கு அது பொருட்டாகப் படவில்லை.

வருத்தம் வேறு. சிங் நிறுவனம் 2010ல் திவாலானது. அடுத்த பாகமான 'லாஸ்ட் விண்டோ' அமெரிக்காவில் வெளியாகவே இல்லை. மடிக்க முடியாத இன்றைய கன்சோலுக்கு 'ஹோட்டல் டஸ்க்'கை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்கலாம். இதே குழுவின் 'அனதர் கோட்' கேம்கள் இரண்டையும் 2024ல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்குப் புதிதாகக் கொண்டுவந்தார்கள், புதிர்களையே மாற்றி அமைத்து. அப்படியானால் ஹைடுக்கும் ஒரு வழி இருக்க வேண்டும். இந்தக் கதையைக் கேட்டே இராத ஒரு தலைமுறை வந்துவிட்டது, தயவுசெய்து கொண்டுவாருங்கள்.

கேமுக்குள் ஹைடின் நோட்டுப்புத்தகம் ஒன்று உண்டு, ஸ்டைலஸால் நாமே எழுதிக்கொள்ளலாம். என் கார்ட்ரிட்ஜில் அந்தப் பக்கங்கள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. போன வாரம் திறந்து பார்த்தேன். விடுதியில் சந்திக்கும் மிலா என்ற பெண்ணைப் பற்றி, கோணல்மாணலான என் எழுத்தில், "கைவளை. மிலாவிடம் எப்படி?"