டிசம்பர் லீவுக்குக் கல்யாணம் வைக்கிறவங்க கவனத்துக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஒவ்வொரு வருஷமும் ஆவணி மாசமே இந்தப் பேச்சு தொடங்கிவிடும். துபாயில் இருக்கும் தம்பிக்கும் பாரிஸில் இருக்கும் சித்தப்பாவுக்கும் டிசம்பர் 20க்கு மேல்தான் லீவு, கூடப் படித்தவர்களும் அப்போதுதான் ஊருக்கு வருவார்கள், அப்படியே கல்யாணத்தையும் முடித்துவிடலாமே என்று.

டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்துவிடும். தை பிறக்க ஜனவரி 14, 15 ஆகிவிடும். அதாவது லீவு முழுக்க மார்கழிக்குள் போய்விடுகிறது. அதனால் எல்லாரையும் பத்து நாள் முன்னதாக வரச்சொல்லிவிட்டு, கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தைப் பிடிக்கிறார்கள். என் கருத்தில், நம்ம கரையோரத்தில் வருஷத்திலேயே அதிகச் செலவும் அதிகப் படபடப்பும் தரும் முகூர்த்தம் அதுதான். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் பாதிதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் முடிந்ததும், கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் நடுவில் சர்ச்சில் திருமண மந்திரிப்பு வைத்துக்கொள்ளலாம். ஆனால் புதுச்சேரியில் அந்த ஒரு வாரம் ரூம் வாடகை இரண்டு மூன்று மடங்கு ஏறும். சென்னை, பெங்களூர்க் கூட்டம் முழுக்க இங்கேதான் இருக்கும்.

கார்த்திகை ஏன் வேண்டாம் என்கிறேன்? 2015 நவம்பர் வெள்ளம், 2020 நவம்பர் 25 ராத்திரி நிவர் புயல், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். எல்லாம் அந்த முகூர்த்த சீசனில்தான். 2011 டிசம்பர் 30ல் வந்த தானே புயல், மார்கழியும் பத்திரமில்லை என்று காட்டியது. ஃபெஞ்சல் கற்றுக்கொடுத்த பாடம் வேறு மாதிரி. புயல் கரையைக் கடந்தாகிவிட்டது, ஊரே மூச்சு விட்டது. அதற்கப்புறம்தான் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி டிசம்பர் 2, 3ல் கடலூர் ஓரங்களுக்குள் புகுந்தது. அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையும் விக்கிரவாண்டி பக்கம் ரயில் பாதையும் தடைப்பட்டன. ஆக, "மழைதான் விட்டாச்சே" என்பதை நம்பி மறுநாள் முகூர்த்தத்துக்குச் சென்னையிலிருந்து வேன் கிளப்ப முடியாது.

அதனால் மண்டபம் பார்க்கப் போனால் ஏசியையும் மேடை அலங்காரத்தையும் அப்புறம் பாருங்கள். முதலில் பக்கத்துப் பெட்டிக்கடையில் 2015லும் 2024லும் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். சுவரில் கறை இன்னும் இருக்கும். பல மண்டபங்களில் ஹால் மூன்று படி உயரத்தில் இருக்கும், சமையல்கட்டோ பின்னால் பள்ளத்தில் இருக்கும். ஹாலில் சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும் அடுப்பு முழுகினால் பந்தி கிடையாது. ஜெனரேட்டர் நிற்கும் இடத்தையும் பாருங்கள். 125 கேவிஏ ஜெனரேட்டர் முக்கால் லோடில் மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் டீசல் குடிக்கும். புயல் நெருங்கினால் மின்வாரியமே பாதுகாப்புக்காக லைனை நிறுத்திவிடும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 240 லிட்டர் முந்தின நாளே வந்து சேர்ந்திருக்க வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் பங்க்கும் ஓடும் என்று நம்ப முடியாது.

வாசல் பந்தலுக்குத் துணி சாமியானா வேண்டவே வேண்டாம். சரிவு இல்லாத துணியில் தண்ணீர் தொப்பையாகத் தேங்கும், அந்தப் பாரத்தில் கம்பே சாய்ந்துவிடும். தகரப் பந்தல், அதுவும் ஒரு பக்கம் நன்றாகச் சரித்துப் போட்டது வேண்டும். சீரியல் லைட் லைனுக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனை நிறுத்தும் ஸ்விட்ச்) போடச் சொல்லுங்கள். நனைந்த இரும்புக் கம்பத்தைக் குழந்தைகள்தான் முதலில் பிடிக்கும்.

இன்னொன்று, ரசீது. ரெட் அலர்ட் வந்தால் முன்பணம் வேறு தேதிக்கு மாறுமா என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் ரசீதின் பின்பக்கமாவது எழுதி வாங்குங்கள். மண்டபம், சமையல், போட்டோ மூன்று பேரிடமும்.

சமையல் பக்கம் வருவோம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் மாவு புளிக்காது. வழக்கமாகச் சாயங்காலம் ஆட்டுகிற மாவை இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டி, அடுப்பு இருக்கும் அறையிலேயே வைக்க வேண்டும். இல்லையென்றால் காலைப் பந்தியில் இட்லி கல்லு மாதிரி வரும். தயிரும் அப்படித்தான். தலைக்கு 100 மில்லி வைத்தால் 500 பேருக்கு 50 லிட்டர். ராத்திரி ஒன்பது மணிக்கு உறை ஊற்றினால் மதியம் பாலும் இல்லாமல் தயிரும் இல்லாமல் நிற்கும். ஆறு மணிக்கே, பால் கொஞ்சம் கூடுதல் சூட்டில் இருக்கும்போது ஊற்றிச் சாக்கு போட்டு மூடிவிட வேண்டும். விடியற்காலையில் 19 கிலோ சிலிண்டர் ஒன்றிலேயே பெரிய அடுப்புகளை ஓட்டினால் சிலிண்டர் வேர்த்துக் குளிர்ந்து, ஜுவாலை படுத்துவிடும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று கழற்றிப் போடுவார்கள். உண்மையில் பாதி இருக்கும். இரண்டு சிலிண்டரைச் சேர்த்து இணைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அளவு விஷயத்தில் 100 பேருக்கு 10 கிலோ அரிசி, 3 கிலோ துவரம்பருப்பு என்பது பல பதார்த்தங்கள் இருக்கும் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போதும். மழை நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்று ஜோசியம்கூடச் சொல்லாது. அதனால் சாம்பாரை முழு அளவுக்கு வைத்துவிட்டு, சோற்றை மட்டும் அறுபது சதவீதம் வடியுங்கள். மீதிக்கு உலை கொதித்தபடியே இருக்கட்டும். இரண்டாம் பந்தி நிரம்புகிறது என்று தெரிந்த பிறகு அரிசி போட்டால் அரை மணியில் சோறு ரெடி. மெனுவில் முருங்கைக்காய் சாம்பார் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பனிக்காலத்தில் காய்ப்பு குறைந்து விலை எகிறும். பறங்கி, கத்தரி போதும். மல்லிகையும் அப்படியே. பனியில் மொட்டு கட்டாது, கிலோ ஆயிரத்தைத் தாண்டுவது சகஜம். மேடைக்குச் சம்பங்கியும் ரோஜாவும் வைத்து, தலைக்கு மட்டும் மல்லி வாங்குங்கள்.

இப்போது பழைய நண்பர்கள் கூடுகை. ரிசப்ஷனிலேயே எல்லாரையும் பார்த்துவிடலாம் என்பது கணக்குத் தெரியாத ஆசை. 500 பேர், நாலு நாலு பேராக மேடை ஏறினால் 125 குழு. குழுவுக்கு ஒரு நிமிஷம் என்றாலே இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. கீழே லைட் மியூசிக் ஸ்பீக்கர் சத்தத்தில், பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது. இருபது வருஷம் கழித்துப் பார்க்கிறவனிடம் "சாப்டியா?" என்று கத்திவிட்டு வருவதற்கா அமெரிக்காவிலிருந்து டிக்கெட்? கூடுகையைத் தனியாக வையுங்கள், அதை மார்கழியில் தாராளமாக வைக்கலாம், முகூர்த்தம் பார்க்க வேண்டியதில்லை. முப்பது நாற்பது பேர், காலை பத்திலிருந்து மூன்று மணி, மேலே தகரம் போட்ட மொட்டை மாடி உள்ள ஒரு வீடு. ராத்திரி வைத்தால் பெண் தோழிகள் பாதிப் பேர் வரமாட்டார்கள், இதைப் பையன்கள் யோசிப்பதே இல்லை.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். கூட்டத்தில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் இருப்பார்கள், மார்கழி முழுக்கக் கவுச்சி தொடாதவர்களும் இருப்பார்கள். அடுப்பும் கரண்டியும் தனித்தனி. வஞ்சரம்தான் வேண்டும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். புயல் எச்சரிக்கை என்றால் கடலூர் முதுநகரில் படகு கடலுக்குப் போகாது. புதுச்சேரியில் மலிவாகக் கிடைக்கிறது என்று பாட்டிலை வேனில் ஏற்றி வருகிற புத்திசாலிகளுக்கு எல்லையில் ஆல்பேட்டை சோதனைச்சாவடி இருக்கிறது. கூடுகை அங்கேயே முடிந்துவிடும்.

காகித வேலையைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிய வேண்டும். மாப்பிள்ளை பத்து நாளில் விமானம் ஏறுகிறார் என்றால் அந்தப் பத்து நாளுக்குள் முடித்தால்தான் பெண்ணின் விசா வேலை தொடங்கும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் என்றால், கல்யாணத்துக்கு முன்பே புதுச்சேரி பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். ஊரில் வந்து இறங்கியபின் ஓடினால் நடக்காது, மாசக்கணக்கில் முன்னாலேயே தொடங்க வேண்டும்.

என்னைக் கேட்டால் தை முதல் முகூர்த்தங்கள்தான். மழை ஓய்ந்திருக்கும், வெளிநாட்டுச் சொந்தம் பொங்கல் தாண்டும் வரை லீவை நீட்டினால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள குடும்பம் வர முடியாமல் போகலாம், அது நஷ்டம்தான். தையிலும் இரண்டு வம்பு உண்டு. போகியிலிருந்து காணும் பொங்கல் வரை சமையல் ஆட்களும் பந்தல்காரர்களும் சொந்த ஊரில் இருப்பார்கள். தை 5 ஆற்றுத் திருவிழா அன்று பெண்ணையாற்றுக் கரைக்குப் போகும் ரோடெல்லாம் கூட்டம்தான். திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் தாலி கட்டுகிறவர்கள், முகூர்த்த நாளில் அங்கே நூற்றுக்கு மேல் கல்யாணம் நடக்கும் என்பதை மனசில் வைத்து, கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். ரயில் டிக்கெட் இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, பொங்கல் சமயத்தில் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பத்திரிகை அடிக்கும் முன்பே சென்னைச் சொந்தங்களுக்குத் தேதியை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுங்கள்.